ஒரு சாண் இறக்கம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மவுண்ட் வெல்லிங்டன் என்ற புறநகருக்குப் பெயர் தந்தது ஓர் எரிமலைக் குன்று. மாவோரி மக்கள் அதை மவுங்காரேய் என்கிறார்கள். உயரம் 135 மீட்டர். அதன் சரிவுகளில் படிப்படியாக வெட்டிய தளங்களை இன்றும் பார்க்கலாம். கூமரா எனப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேமித்து வைத்த குழிகளின் தடமும் உண்டு. மழையை நம்பிய விவசாயம் அது. தண்ணீரை எளிதில் வடியவிடும் எரிமலை மண் கிழங்குக்கு ஏற்றதாக இருந்தது.

அதே குன்றில் 1960-இலும் 1970-களின் தொடக்கத்திலும் தொல்லியல் அகழாய்வு நடந்தது. நகரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன் மண்ணுக்குள் இருந்ததைப் பதிவு செய்துகொண்டார்கள். தொட்டிக்கு ஏன் குன்று? நம் ஊர்களில் மேல்நிலைத் தொட்டி எழுப்புகிற அதே காரணம்தான். தண்ணீரை ஒருமுறை மேலேற்றிவிட்டால், பிறகு அது தானாக இறங்கித் தெருத்தெருவாகப் போய்விடும்.

வயலுக்குப் போகும் தண்ணீருக்கும் இந்த உயரம்தான் மூலதனம். வீடுகளுக்கு மோட்டார் வைத்து ஏற்றுவது போல லட்சக்கணக்கான ஏக்கருக்கு ஏற்றுவது எளிதில் கட்டுப்படியாகாது. ஆகவே ஆற்றிலேயே உயரமான இடமாகப் பார்த்து அணை கட்டுகிறார்கள். அங்கிருந்து, ஆறு இறங்குவதைவிட மெதுவாக இறங்கும் தடம் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டுகிறார்கள். ஆறு பள்ளத்தை நோக்கி விரைகிறது. கால்வாய் மேட்டைவிட்டு இறங்காமல் நிதானமாகப் போகிறது. போகப் போக இரண்டுக்கும் நடுவே நிலம் விரிகிறது. அந்த நிலம்தான் ஆயக்கட்டு.

பெரிய மண் கால்வாய்களில் இறக்கம் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு சாண்தான். கூடினால் ஓட்டம் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் படிந்து செடிகொடி மண்டும். அந்தச் சாண் கணக்கைக் காப்பாற்றத்தான் கால்வாய்கள் வளைந்து வளைந்து போகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் பவானியிலிருந்து நொய்யல் வரை வெட்டப்பட்ட காலிங்கராயன் கால்வாயைப் பற்றி ஈரோட்டுப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள்: பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்துபோய் வழி காட்டியதாம். நிலத்தின் மட்டத்தைவிட்டுப் பிசகாமல் நெளிந்து போகும் அந்தத் தடத்தைப் பார்த்தவர்களுக்குப் பாம்பு நினைவு வந்ததில் வியப்பில்லை.

நியூசிலாந்தின் தென் தீவிலும் இப்படி ஒரு பாம்புத் தடம் உண்டு. கேன்டர்பரி சமவெளியில் ரங்கிடாட்டா ஆற்றிலிருந்து ரகையா ஆறு வரை, மலையடிவாரத்தை ஒட்டியே 67 கிலோமீட்டர் போகிறது ரங்கிடாட்டா திருப்புக் கால்வாய். 1937-இல் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெட்டி முடித்தார்கள். வழியில் ஆறு குறுக்கிட்டால் படுகைக்கு அடியில் சைஃபன் குழாய் வழியே புகுந்து மறுகரை ஏறுகிறது. கோடையில் வயலுக்கு, பாசனம் வேண்டாத குளிர்காலத்தில், கால்வாயின் கோடியில் உள்ள ஹைபேங்க் நிலையத்தில் மின்சாரத்துக்கு. நொடிக்குச் சுமார் 30 கனமீட்டர் நீரை எடுக்கும் கால்வாய் இது.

தமிழ்நாட்டின் கீழ்பவானிப் பிரதானக் கால்வாய் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சுமக்கிறது. 105 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் பவானிசாகர் அணையிலிருந்து 2,300 கனஅடி, அதாவது நொடிக்கு 65 கனமீட்டர், அதில் இறங்குகிறது. நீளம் 201 கிலோமீட்டர். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் அதன் ஆயக்கட்டு. அணை 1955-இல் முடிந்தது.

பிரதானக் கால்வாயிலிருந்து பகிர்மானக் கால்வாய், அதிலிருந்து கொப்பு வாய்க்கால், பிறகு வயல் மடை. மரத்தின் கிளையைக் கொப்பு என்கிற கொங்குப் பேச்சு வாய்க்காலுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மதகு. மதகு எவ்வளவு தண்ணீர் தரும் என்பது அதன் வாய்க்கு மேலே கால்வாயில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பாசனச் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கால்வாயில் மட்டம் அரை அடி இறங்கினால், மேட்டு மதகுகள் தண்ணீரே எடுக்காமல் நின்றுவிடக்கூடும். அதனால்தான் ஆங்காங்கே குறுக்கே ஷட்டர் வைத்து மட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். தலைப்பில் ஒருவர் தன் மதகைக் கூடுதலாக ஒரு சாண் தூக்கிவிட்டால், பல மைல் தள்ளி இருக்கும் கடைமடைக்காரர் வயலில் நாற்று காய்கிறது. மேலே யார் தூக்கினார் என்பது அவருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை.

எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்தால் எவருக்கும் போதாது. அதற்குக் கீழ்பவானி கண்ட வழி முறைப் பாசனம். ஆகஸ்ட் பாதியில் திறக்கும் முதல் போகத்தில், ஓர் ஆண்டு பிரதானக் கால்வாயின் ஒற்றைப்படை மதகுகளுக்கும் சென்னசமுத்திரம் பகிர்மானக் கால்வாயின் இரட்டைப்படை மதகுகளுக்கும் நெல்லுக்குத் தண்ணீர். அது ஆயக்கட்டில் சரிபாதி, 1,03,500 ஏக்கர். மற்றப் பாதிக்கு அடுத்த போகத்தில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கு விட்டு விட்டுத் தருகிறார்கள். மறு ஆண்டு முறை மாறும்.

நெல் போகத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2,300 கனஅடி வீதம் 120 நாள் என்றால் ஏறத்தாழ 23.8 டி.எம்.சி. அதை 1,03,500 ஏக்கரிலும் ஒரே சீராகப் பரப்பினால் நிலமெங்கும் ஐந்தேகால் அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். அத்தனையும் நெல்லின் வேருக்குப் போவதில்லை. ஒரு பங்கு வெயிலில் ஆவியாகிறது. கணிசமான பங்கு 201 கிலோமீட்டர் மண் கரையிலும் வயல்களிலும் கசிந்து இறங்குகிறது.

இந்தக் கசிவைப் பற்றித்தான் கொங்கு நாட்டில் சில ஆண்டுகளாகப் பெரிய வாக்குவாதம். சுமார் 710 கோடி ரூபாய்ச் செலவில் கால்வாய்க்குக் கான்கிரீட் தளமும் சுவரும் அமைக்க அரசு திட்டமிட்டது. கரை உடைப்பு நிற்கும், கடைமடைக்குத் தண்ணீர் சேரும் என்பது அதன் நியாயம். கடைசி மதகில் காத்துக் கிடப்பவர்களுக்கு அது சாதாரண நியாயமல்ல. ஆயக்கட்டுக்காரர் என்ற உரிமை ஏட்டில் இருந்தும், தண்ணீர் வந்து சேராத வயலுக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். ஆனால் கால்வாயை ஒட்டிய ஊர்க்காரர்கள் மண் கால்வாய் மண் கால்வாயாகவே இருக்கட்டும் என்று போராடினார்கள். கிணறு ஊறுவதும், குடிநீர் கிடைப்பதும், தென்னையும் மஞ்சளும் தாக்குப்பிடிப்பதும் அந்தக் கசிவால்தான் என்றார்கள்.

பொறியியல் கணக்கில் கசிவு என்பது இழப்பு. கிணற்றுக்காரர் கணக்கில் அதுவே வரவு. எந்த வரைபடத்திலும் மதகு எண் இல்லாத ஒரு வலைப்பின்னல் மண்ணுக்கடியிலும் இருக்கிறது. எழுபது ஆண்டுகளாக அதுவும் பாசனம் செய்துவருகிறது. கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், அந்தக் கிணறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கடைமடையின் பங்கை உறுதிசெய்யத் தலைப்பு மதகுகளில் அளவுமானி வைத்துத் தினமும் கணக்குக் காட்டுவதும், கான்கிரீட்டைவிடக் குறைந்த செலவில் முடிகிற காரியம்.

கேன்டர்பரி இந்தக் கட்டத்தை ஏற்கெனவே கடந்துவந்திருக்கிறது. அங்கே முன்பு நிலத்தை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, வரப்புக் கட்டி, தண்ணீரை மேலிருந்து பரவவிட்டார்கள். பிறகு பெரும்பாலான பண்ணைகள் சக்கரங்களில் வட்டமாகச் சுற்றும் தெளிப்பான்களுக்கு மாறின. திறந்த வாய்க்கால்கள் பல குழாய்களாயின. சமவெளி மலையிலிருந்து கடலை நோக்கிச் சரிவதால், மூடிய குழாயில் அந்த இறக்கமே அழுத்தமாக மாறித் தெளிப்பானை இயக்குகிறது, மின்சாரமும் மிச்சம். ஒரு சொட்டும் வீணாகாத ஏற்பாடு என்று பாராட்டத் தோன்றும்.

ஆனால் பரவவிட்ட காலத்தில் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்த நீர் வெகுவாகக் குறைந்துபோனது. அங்குள்ள ஹிண்ட்ஸ் சமவெளியில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. அதை நம்பிய ஓடைகள் மெலிந்தன. பண்ணைகளிலிருந்து இறங்கும் நைட்ரேட்டை நீர்த்துப்போகச் செய்யவும் தண்ணீர் போதவில்லை. 2016-இல் லாக்மோர் என்ற இடத்தில் சரளை மண்ணில் குட்டை வெட்டி, ஆற்று நீரைக் கால்வாய் வழியே கொண்டுவந்து அதில் விட்டார்கள். தண்ணீரை அங்கே தேக்கி வைக்கவில்லை. அடியில் கசிந்து இறங்குவதற்கென்றே விட்டார்கள். அதன் பிறகு அதே சமவெளியில் இன்னும் பல இடங்களில் அத்தகைய குட்டைகளை வெட்டியிருக்கிறார்கள்.