கோடாகிப் போன கார்த்திகை

"ஏண்டா, கார்த்திகை நட்சத்திரம் எங்கே போச்சு?" என்று கேட்டாள் அம்மா.

மார்கழி மாதம், இரவு ஒன்பதரை மணி. குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு விளக்குகள், இன்னொரு பக்கம் மீனம்பாக்கத்து விமானங்களின் கண்சிமிட்டல். நான் சிறுவனாக இருந்தபோது இதே மாடியில்தான் அம்மா என்னை மடியில் இருத்தி, ஆறு மீன்களையும் எண்ணிக் காட்டுவாள். இப்போதோ வானம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. கோளாறு அம்மாவின் கண்ணில் இல்லை. ஊர் வெளிச்சத்தில் இருந்தது.

"நான் காட்டுகிறேன், பாரம்மா!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எங்கள் காரியாலயப் புகைப்படக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, காமிராவும் முக்காலியும் இரவல் வாங்கி வந்தேன். ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம், காமிரா வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்துக்கொண்டே போகும். நம் கண்ணால் முடியாத காரியம் இது.

சேமிப்புதானே, தாராளமாகச் சேர்ப்போமே என்று முதல் நாள் 4 நிமிஷம் திறந்து வைத்தேன். நட்சத்திரத்தோடு தெருவிளக்கும் சேமிப்பில் பங்கு கேட்டுவிட்டது! படம் முழுவதும் மோர்க்குழம்பு நிறம். குறுக்கே விமானம் ஒன்று இழுத்த கோடு.

மறுநாள் 30 விநாடி. நட்சத்திரங்கள் அப்பளம்போல் உப்பியிருந்தன. இருட்டில் காமிரா தானாகக் குறி பார்க்கத் திணறுமாம். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை லென்ஸைக் கையால் திருப்ப வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அப்பளம் போய்ப் புழு வந்தது. "பொத்தானை விரலால் அமுக்கினீரா?" என்று சிரித்தார் புகைப்படக்காரர். விரல் பட்ட அதிர்ச்சி ஒன்று. கீழே ஓடிய தண்ணீர் மோட்டாரின் நடுக்கம் மற்றொன்று. பொத்தானை அமுக்கிய பின் 10 விநாடி கழித்துப் படம் எடுக்கும் வசதி காமிராவிலேயே இருந்தது. மோட்டார் நிற்கும்வரை காத்திருந்தேன்.

நாலாம் நாள் புழுக்கள் நிமிர்ந்து, ஒழுங்கான குட்டிக் கோடுகளாயின. இந்த முறை ஆடியது காமிரா அல்ல, பூமி! 24 மணியில் 360 டிகிரி சுற்றுகிறது அல்லவா? மணிக்கு 15 டிகிரி. 30 விநாடிக்குள் வானம் சுமார் நிலாவின் அகலத்தில் கால் பங்கு நகர்ந்துவிடுகிறது. இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டர் அளவால் வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 10 விநாடி. காமிராவின் சென்ஸார் சிறியதானால் இன்னும் குறைக்க வேண்டும்.

எனக்கு எரிச்சல் தந்த வானப் படம், வேறொருவருக்குப் புகழ் தந்தது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த வானப் படத்தில் ஒரு புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் ஊர் விளக்குகளுக்கு எட்டாத இடம் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1968-ல் அங்கே தொலைநோக்கி வேலை தொடங்கியது. பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியும் மெல்லத் திரும்புவதால், அங்கே எடுக்கும் படத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாகவே நிற்கும். இடம் மாறுகிற குறுங்கோள் மட்டும் அகப்பட்டுக்கொள்ளும். 1988-ல் காவலூரில் அப்படி அகப்பட்ட ஒன்றுக்குத்தான் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டினார்கள்.

என்னிடம் திரும்பும் கருவி ஏது? ஐந்தாம் நாள், 8 விநாடி வீதம் 20 படங்கள் எடுத்தேன். நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி கம்ப்யூட்டரில் அடுக்கினேன்.

அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினாள். "நாலு... அஞ்சு... ஆறு..." விரல் நிற்கவில்லை. "ஏழு... எட்டு... அடேயப்பா! இத்தனையும் அங்கேயேதான் இருந்துதா?"

"ஆமாம் அம்மா. நாம்தான் விளக்கைப் போட்டு மறைத்துவிட்டோம்."

அம்மா பதில் பேசவில்லை. மெதுவாக எழுந்து போய், மாடிப்படி விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.