அலகில் பூவா, பாம்பா?

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே புன்னை மரத்தடியில் ஒரு சின்னச் சன்னிதி உண்டு. அதில் ஒரு மயில் சிவலிங்கத்தைப் பூஜை செய்துகொண்டிருக்கும். அது யார் தெரியுமா? சாட்சாத் அம்பாள்தான்!

ஒருமுறை சிவபெருமான் ஐந்தெழுத்து மந்திரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பார்வதியின் கவனமோ அங்கே தோகை விரித்து ஆடிய மயில் மேல் போய்விட்டது. (வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பீர்களே, அதுபோலத்தான்!) "நீ மயிலாகப் பிறப்பாய்" என்று சாபம் கிடைத்தது. அம்பாள் மயில் வடிவில் இங்கே வந்து ஈசனை வழிபட்டாள். அதனால்தான் இந்த ஊருக்கு மயிலை என்று பெயர் வந்தது என்கிறது தலபுராணம்.

இந்தக் கோயிலின் மயில் சிலை ஒன்று உயர்நீதிமன்றம் வரை போன கதை தெரியுமா?

மயில் எங்கே?

2004-ல் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. அந்தச் சமயத்தில் புன்னைவனநாதர் சன்னிதியில் இருந்த பழைய மயில் சிலையை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்துவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. பழைய மயிலின் அலகில் பூ இருந்தது. புதியதன் அலகில் பாம்பு இருக்கிறது என்றார்கள் பக்தர்கள். 2018-ல் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். 2022-ல் பழைய சிலையைத் தேடித் தெப்பக்குளத்தில்கூட இறங்கினார்கள்!

பூவோ, பாம்போ... அதில் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறதா?

பாம்பைக் கவ்வியிருக்கும் மயில் முருகனின் வாகனம். பூவை ஏந்தியிருக்கும் மயில் பூஜை செய்யவந்த அம்பாள். அலகில் இருப்பது மாறினால் கதையே மாறிவிடும். சிற்பிகள் எதையும் சும்மா செதுக்குவதில்லை. கை, கால், கையில் உள்ள பொருள், காலடியில் இருப்பது எல்லாமே நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்லும்.

சிலையைப் படிக்கலாமா?

* மானும் மழுவும் ஏந்தியிருந்தால் சிவன்.

* நடராஜரின் பின்கைகளில் ஒன்றில் உடுக்கை, மற்றொன்றில் தீ. முன் வலக்கை 'பயப்படாதே' என்கிறது. முன் இடக்கை, தூக்கிய திருவடியைக் காட்டுகிறது. ஊன்றிய காலடியில் கிடப்பவன் முயலகன், அவன்தான் அறியாமை.

* சங்கு, சக்கரத்தைப் பார்த்தவுடன் பெருமாள் என்று அவசரப்படாதீர்கள்! காலடியில் எருமைத் தலை இருக்கிறதா? அப்படியானால் அது துர்க்கை. சிவன் கோயில்களில் கருவறையின் வடக்குச் சுவரில் தேடுங்கள்.

* பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் மாட வீதியில் வருவார்கள். உழவாரப்படை வைத்திருப்பவர் அப்பர். சின்னக் குழந்தையாக இருப்பவர் சம்பந்தர். எலும்பும் தோலுமாக இருப்பவர் காரைக்கால் அம்மையார்.

காட்டிக்கொடுத்த படம்

இப்படி உற்றுப் பார்ப்பதால் திருட்டுப்போன சாமியையும் மீட்கலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடப்பட்டு, கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்குள்ள தேசியக் கலைக்கூடம் 2008-ல் அவரைப் பெரும் விலை கொடுத்து வாங்கியது. ஆனால் திருட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அவரைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது உண்மை தெரிந்துவிட்டது. 2014-ல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்!

மயிலாப்பூர் மயில் விஷயத்திலும் அப்படித்தான். "அலகில் பூ இருந்ததே!" என்று சொல்ல, அதை நன்றாகப் பார்த்து மனதில் வைத்திருந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

அடுத்த முறை தாத்தா, பாட்டியுடன் கோயிலுக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கும்பிட்டு முடித்த பிறகு, உங்களுக்குப் பிடித்த ஒரு தூண் சிற்பத்தின் முன் உட்காருங்கள். எத்தனை கைகள்? எந்தக் கையில் என்ன? காலடியில் யார்? பார்த்ததை வரைந்து, தேதியும் போட்டு வையுங்கள்.

யார் கண்டது? ஒருநாள் உங்கள் நோட்டும் ஒரு சாமியை வீடு சேர்க்கலாம்!