மைக்கில் ஒலிக்கும் பெயர்: ‘மிஸ் கூவாகம்’ திருநங்கைகளுக்கு ஏன் முக்கியம்?

புதுச்சேரி சாரத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கி.மீ. சித்திரை பிறந்தால் இந்தப் பகுதித் திருநங்கைகளின் பேச்சில் அந்த ஊர் அடிபடத் தொடங்கிவிடும். கூவாகம் திருவிழாவையொட்டி ‘மிஸ் கூவாகம்’ அழகிப் போட்டி நடப்பது விழுப்புரத்தில்தான்.

கூவாகத்தில் என்ன விசேஷம்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது கூவாகம் கூத்தாண்டவர் கோயில். பாரதப் போருக்குப் பலியாகவிருந்த, இங்கே கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவானை, மோகினி வடிவெடுத்த கண்ணன் மணந்ததாக ஐதீகம். தங்களை அந்த மோகினியாகவே எண்ணி, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள் திருநங்கைகள். மறுநாள் அரவான் களப்பலி. தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலையில் ஊர் திரும்புகிறார்கள்.

போட்டியில் எதைப் பார்க்கிறார்கள்?

நடை, உடை, பாவனைக்கு மதிப்பெண் உண்டு. பொது அறிவு, எய்ட்ஸ் விழிப்புணர்வு பற்றிக் கேள்வியும் கேட்பார்கள். மேடைக்குப் பின்னால் கொசுவத்தைச் சரிசெய்து, பூ வைத்துவிடுபவர் பெரும்பாலும் பெற்ற தாய் அல்ல. வீடு கைவிட்ட பிறகு, குடும்பம்போல வாழும் திருநங்கைகளின் குழுவான ஜமாத்தில் கிடைத்த ‘அம்மா’. வீட்டார் கூப்பிட மறுத்த பெயர் இங்கே மைக்கில் ஒலிக்கிறது. கடைவீதியில் இவர்கள் கைதட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊர், இங்கே இவர்களுக்காகக் கைதட்டுகிறது. கிரீடத்தைவிடப் பெரிது அந்த நிமிடம்.

இத்தகைய மேடைகள் வேறு இடங்களிலும் உண்டு. தாய்லாந்தின் பட்டாயாவில் 2004 முதல் திருநங்கைகளுக்கான சர்வதேசப் போட்டி நடக்கிறது. இந்தியாவில் 2017-ல் ‘மிஸ் டிரான்ஸ்குயின் இந்தியா’ பட்டத்தை முதலில் வென்றவர் கொல்கத்தாவின் நிதாஷா பிஸ்வாஸ்.

சட்டம் என்ன சொல்கிறது?

பாலின அடையாளத்தைத் தாமே முடிவுசெய்யும் உரிமையை 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துத் திருநர் அடையாளச் சான்றிதழ் பெறலாம். படிப்பு, வேலை, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதே சட்டம்.

மேடை கௌரவம் தருகிறது; ஆனால் அழகிப் போட்டிக்கு வரம்பு உண்டு. நிறமும் மெலிந்த உடலும் அலங்காரத்துக்குக் காசும் இல்லாதவர்கள் அந்த மேடையை எட்டுவது கடினம். கௌரவம், கிரீடம் வென்ற ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. சாரத்தில் ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திருநங்கை ஒருவர் வந்து கேட்டால், அவர் சொல்லும் பெயராலேயே அழைத்து, வீட்டைத் திறந்து காட்டுங்கள்.