மறுபத்தியம்

1945 அக்டோபர் 20. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்தின் கேலரிக்கு அடியில் இருந்த அறைகளில் பதினொரு மாதமாகத் தங்கியிருந்த இளைஞர்களுக்கு அன்றோடு கட்டுப்பாடு நீங்கியது. இனி எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். அந்த நாட்களில் அவர்களில் ஒருவர் சாப்பிட்ட சாப்பாட்டை வயிறு தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டு வயிற்றைக் கழுவ வேண்டியதாயிற்று. சிலர் ஒரே நாளில் பத்தாயிரம் கலோரியைத் தாண்டினார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு சராசரி ஆணுக்கு அது கிட்டத்தட்ட ஐந்து நாள் சாப்பாடு. அவ்வளவும் உள்ளே போன பிறகும், இனி ஒரு வாய்கூட இறங்காது என்ற நிலையிலும், பசி மட்டும் அப்படியே இருக்கிறது என்றார்கள்.

கடுமையான டயட் இருந்து முடித்தவர்கள் பலருக்கு இந்த நிலை தெரியும். நாற்பது நாள் வாயைக் கட்டி, ஆசைப்பட்ட எடையைத் தொட்டு, ‘இனிமேல் வழக்கம்போலச் சாப்பிடலாம்’ என்று தட்டின் முன் உட்காரும் நாளில்தான் உண்மையான சிரமம் ஆரம்பிக்கிறது. இரண்டு இட்லியோடு எழுந்த கை எட்டாவது இட்லிக்கும் நீள்கிறது. ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்று தன்னையே திட்டிக்கொள்கிறோம். அந்தத் திட்டு நியாயமற்றது. அது ஏன் என்பதை அந்த மைதானத்து இளைஞர்கள் தங்கள் உடம்பையே கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் முப்பத்தாறு பேர். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தரவில்லை என்று சொல்லி, போருக்குப் பதிலாக வேறு பணிகளை ஏற்றவர்கள். ஐரோப்பா பட்டினியில் கிடந்த காலம் அது. போர் முடிந்ததும் அந்த மக்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்று மருத்துவத்துக்குத் தெளிவாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொண்டர்களைக் கேட்டார். இவர்கள் தாமாக வந்தார்கள். முதல் பன்னிரண்டு வாரம் நாளுக்குச் சுமார் 3,200 கலோரி கொண்ட நல்ல சாப்பாடு. 1945 பிப்ரவரி 12 முதல் இருபத்துநான்கு வாரம் அதில் பாதிதான், ஏறக்குறைய 1,570 கலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், மக்ரோனி. ஒரு நாளைக்கு இரண்டே வேளை. வாரத்துக்கு 22 மைல் கட்டாய நடை வேறு. உடல் எடையில் கால் பங்கு குறைய வேண்டும் என்பது திட்டம், குறைந்தது.

அந்த 1,570 என்ற எண்ணை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். நாளுக்கு 800 கலோரி, 500 கலோரி என்று இன்று பேசப்படும் டயட்களைவிட அது மிகத் தாராளம். ஆட்கள் ஆரோக்கியமானவர்கள், உடல் பருமன் இல்லாதவர்கள், நிறைய நடந்தவர்கள். அதனால் நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் அந்த அளவிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 55 முறை துடித்த இதயம் 35 முறைதான் துடித்தது. சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் நாற்பது சதவீதம் சரிந்தது. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். கணுக்காலில் நீர் கோத்தது.

சாப்பாட்டு மேசையில் அதைவிட விசித்திரம். இருக்கிற கொஞ்சச் சாப்பாட்டைத் தண்ணீர் விட்டுப் பெருக்கி, இரண்டு மணி நேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை நாவல் மாதிரி இரவெல்லாம் படித்தார்கள். ஒருவர் நூற்றுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். ஒருவர் நாளுக்கு நாற்பது பாக்கெட் சூயிங்கம் மென்றார். சோதனைக்கு முன் சமையலில் அக்கறையே காட்டாதவர்களில் மூன்று பேர், பின்னாளில் பழைய வேலையை விட்டுச் சமையல்காரர்களானார்கள். பட்டினி அவர்களின் மனசுக்குள் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஆனால் கீஸ் தேடிய பதில் பட்டினியில் இல்லை, அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு வாரங்களில் இருந்தது. ஆட்களை நான்கு குழுவாகப் பிரித்து, பட்டினிக்கால அளவைவிட 400, 800, 1,200, 1,600 கலோரி என்று கூட்டிக் கொடுத்தார்கள். சிலருக்குப் புரதம், சிலருக்கு வைட்டமின் தனியாகச் சேர்த்தும் பார்த்தார்கள். வைட்டமின் மாத்திரையால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. குறைவாகக் கூட்டிய குழுவுக்கு வாரக்கணக்கில் எடையே ஏறவில்லை. கடைசியில் எல்லோருக்கும் மேலும் 800 கலோரி கூட்டிய பிறகுதான் உடம்பு அசைந்தது. பல மாதங்களுக்கு நாளுக்கு 4,000 கலோரி அளவுக்குக் கொடுத்தால்தான் அழிந்த திசுக்கள் திரும்பக் கட்டப்படும் என்ற முடிவுக்குக் கீஸ் வந்தார். பட்டினி கிடந்த ஆறு மாதத்தைவிடத் தேறி வந்த மாதங்களே கடினமாக இருந்தன என்று பலர் பின்னாளில் சொன்னார்கள். சாப்பாடு கூடுகிறது, சோர்வு தீரவில்லை, எரிச்சல் குறையவில்லை, பசி ஏறிக்கொண்டே போகிறது. ‘முடிந்துவிட்டது’ என்று நினைத்த பிறகு தொடரும் துன்பத்துக்கு மனசு தயாராக இருப்பதில்லை.

பசி ஏன் அடங்கவில்லை? பட்டினியில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. தசையும், இதயம், கல்லீரல் போன்ற உறுப்புகளின் திசுவும் கரைகின்றன. திரும்பச் சாப்பிடும்போது உடம்பு முதலில் கொழுப்பைத்தான் வேகமாகச் சேர்க்கிறது. தசை மெதுவாகவே வளர்கிறது. மினசோட்டாவின் பழைய அளவீடுகளை 1990களில் மறுபடி ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது. கொழுப்பு பழைய அளவைத் தாண்டிய பிறகும் தசை முழுதாக மீளவில்லை. தசை மீளும்வரை பசியும் விடவில்லை. வீடு கட்டி முடியாமல் கொத்தனார் செங்கல் கேட்டுக்கொண்டே இருப்பது போல. அதனால் அவர்களின் எடை சில மாதங்களில் பழைய எடையைவிடப் பத்து சதவீதம்வரை கூடியது, கொழுப்பு அதைவிட அதிகம் கூடியது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதங்களில், யாரும் டயட் இருக்கச் சொல்லாமலே, எடை பழைய இடத்துக்கு மெல்ல இறங்கியது. எடை கூடியதைப் பார்த்துப் பதறி அவர்கள் மறுபடி பட்டினி கிடந்திருந்தால், அந்த இறக்கத்தை யாருமே பார்த்திருக்க முடியாது.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இது இதேபோல நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை மணி அவர்கள் உடம்பிலும் அடிக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஐம்பது பேருக்கு நாளுக்கு 500 முதல் 550 கலோரி கொண்ட பத்து வாரத் திட்டம் தரப்பட்டது. சராசரியாகப் பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைந்தது. ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் சரிந்தது; ‘பசிக்கிறது’ என்று சொல்லும் கிரெலின் உயர்ந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட பதினான்கு பேரைக் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஆறு ஆண்டு கழித்துச் சோதித்து 2016இல் எழுதியது. முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அந்த எடைக்கு ஓய்வில் உடம்பு செலவழிக்க வேண்டியதைவிட அவர்கள் உடம்பு நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. எடை கூடியது அவர்கள் உழைக்காததால் அல்ல. ஆறு ஆண்டு ஆன பிறகும் அவர்கள் உடம்பு சிக்கனத்தை விடவில்லை.

இன்னொரு ஆபத்து உடனடியானது, உயிரையே எடுக்கக்கூடியது. பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று வயிறாரச் சாப்பாடு, அதுவும் சர்க்கரையும் மாவுச்சத்தும் நிறைந்த சாப்பாடு போட்டால் என்ன ஆகும்? படுத்திருந்த இன்சுலின் எழுகிறது. சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும்போது ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றையும் உள்ளே இழுக்கிறது. உடம்பின் கையிருப்பு ஏற்கெனவே காலி. ரத்தத்தில் பாஸ்பேட் ஒரே நாளில் அதலபாதாளத்துக்குப் போகலாம். பாஸ்பேட் இல்லாமல் செல்லுக்குச் சக்தி நாணயம் இல்லை. இதயம் தாளம் தப்புகிறது, மூச்சுத் தசை தளர்கிறது. சர்க்கரையை எரிக்கத் தேவையான தயமின் வைட்டமினும் தீர்ந்து மூளை குழம்பலாம். இதற்கு ‘ரீஃபீடிங் சிண்ட்ரோம்’ என்று பெயர்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். 1945 ஏப்ரல் 15 அன்று பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இரக்கப்பட்டுத் தங்கள் டின் உணவைக் கொடுத்தார்கள். கொழுப்பு மிகுந்த அந்த உணவைத் தாங்காமல் இறந்தவர்கள் உண்டு. டைஃபஸும் பட்டினியும் ஏற்கெனவே சாய்த்திருந்தவர்களோடு சேர்த்து, விடுதலைக்குப் பிறகு அங்கே இறந்தவர்கள் பதின்மூவாயிரத்துக்கும் மேல். 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட கலவை ஒன்றையும் அங்கே கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பெயரே ‘வங்கப் பஞ்சக் கலவை’. அந்தத் தித்திப்பு ஐரோப்பிய நாக்குக்கு ஒத்துவரவில்லை. நம் நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் செத்த ஒரு பஞ்சத்தின் கைமருந்து, இன்னொரு கண்டத்துப் பிணக்காட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது.

இன்றைக்கு இதற்கு விதிமுறை இருக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்கிறது பிரிட்டனின் 2006 வழிகாட்டி. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கிலோவுக்குப் பத்து கலோரியில் தொடங்க வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது நாளுக்கு 500 கலோரிதான். தயமினை முன்கூட்டியே கொடுத்து, ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நான்கு முதல் ஏழு நாளில் ஏற்றுகிறார்கள். இது வீட்டில் செய்கிற காரியம் இல்லை. தண்ணீரையும் பழச்சாற்றையும் மட்டும் குடித்து ஒரு வாரத்துக்கு மேல் இருந்தவர்கள், மிக மெலிந்தவர்கள், மதுப் பழக்கம் உள்ளவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் பட்டினியை முடிக்கவே கூடாது. தொடங்கவும் கூடாது.

மருத்துவர் மேற்பார்வையில் 800 கலோரி அளவில் இருந்தவர்கள் எப்படித் திரும்ப வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் ‘டைரெக்ட்’ என்ற நீரிழிவு ஆய்வில் மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி, சூப்பும் ஷேக்கும் மட்டும். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு நீரிழிவு மருந்தில்லாமலே தணிந்திருந்தது. எல்லோரும் இந்த எண்ணைத்தான் பேசுகிறார்கள். அந்த ஷேக்கை நிறுத்திய விதம்தான் என்னை அதைவிட ஈர்த்தது. இரண்டு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையாக ஷேக்கை எடுத்துவிட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் மாதாமாதம் வரச் சொன்னார்கள். எடை திரும்பினால் கண்டிக்கவில்லை, சில வாரம் கைதூக்கிவிட ஒரு திட்டம் தயாராக வைத்திருந்தார்கள்.

நம்மிடம் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. சித்த வைத்தியத்தில் மருந்து சாப்பிடும் காலத்துக்குப் பத்தியம்; மருந்து நின்ற பிறகும் சில நாள் தொடரும் கட்டுப்பாட்டுக்கு மறுபத்தியம். ஏகாதசிப் பட்டினியை மறுநாள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்து முடிப்பதும், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியோடு நோன்பு திறப்பதும் அதே குடும்பம். அவை ஒரு நாள் விரதத்துக்கு ஆனவை; நாற்பது நாள் பட்டினிக்குக் கஞ்சி மட்டும் மருந்தாகிவிடாது. ஆனால் விரதத்தை முடிப்பதும் விரதத்தின் பகுதிதான் என்ற அறிவு அதில் இருக்கிறது. நாம் வாங்கும் டயட் சார்ட்டில் முடிப்பதற்கென்று ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பிய முதல் வாரத்தில் எடை இயந்திரம் பயமுறுத்தும். அரிசியும் கோதுமையும் திரும்பி வந்ததும் தசையும் கல்லீரலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பை நிரப்புகின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அரைக் கிலோ கிளைக்கோஜன் சேர்ந்தால், ஒன்றரைக் கிலோ தண்ணீரும் கூடவே ஏறும். அது கொழுப்பு இல்லை. அதைக் கண்டு சாப்பாட்டை மறுபடி நிறுத்துபவர்கள்தான் சுழலுக்குள் மாட்டுகிறார்கள். அந்த வாரம் இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒவ்வொரு வேளையும் பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று தசைக்கு வேண்டியதைத் தட்டில் வைத்து, நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தசை கட்டுவதற்குக் கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். பகலில் வேளை தவறினால் ராத்திரிப் பசி இரட்டிப்பாக வரும். சாப்பிட்ட பிறகு குற்ற உணர்வும், ஒளிந்து சாப்பிடுவதும், சாப்பிட்டதை வாந்தி எடுப்பதும் ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பெயர் மன உறுதிக் குறைவு இல்லை. அது சிகிச்சை உள்ள நோய். மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம்.

மினசோட்டா இளைஞர்களில் உயிரோடு இருந்த பதினெட்டுப் பேரை, அவர்கள் எண்பது வயதைத் தாண்டியிருந்தபோது, இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போய்ப் பேசினார்கள். பழையபடி ஆக எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டார்கள். ஒருவர் இரண்டு மாதம் என்றார். இன்னொருவர் இரண்டு ஆண்டு என்றார்.