வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
அயல்நாட்டில் பயிலும் பிள்ளைகளின் பகுதிநேர வேலையும் வீட்டின் கடன் கணக்கும்

1883-இல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை, தாய்நிலத்திலிருந்து வந்த பல குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. இப்போது கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று விண்ணப்பங்கள் வருகின்றன. கல்விக்கடன் கேட்டு வரும் பெற்றோர் பலர் எங்களிடம் சொல்வது ஒன்றே: "தம்பி அங்கே பகுதிநேர வேலை பார்த்து வட்டியைக் கட்டிவிடுவான், சார்."

கட்ட முடியுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கனடாவை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 8 முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் கல்வி நிறுவன வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வரை மாணவர் வேலை செய்யலாம். ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர் ஆயிற்று. 24 மணி நேரத்துக்கு 422.40 டாலர். மாதச் சராசரி ஏறத்தாழ 1,830 டாலர். அதுவும் வரிப் பிடித்தங்களுக்கு முன். ஆனால், தனியாக வரும் மாணவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென்று அந்நாட்டு அரசு 2025 செப்டம்பர் முதல் கேட்கும் தொகை 22,895 டாலர். மாதத்துக்கு 1,908 டாலர் ஆகிறது. அதாவது, விடுப்பு எடுக்காமல், ஒரு மணி நேரமும் குறையாமல் வேலை கிடைத்தாலும், வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது போதவில்லை. நீண்ட விடுமுறைகளில் முழுநேரம் வேலை பார்க்கலாம் என்பது உண்மையே. அந்த உபரி அடுத்த பருவச் செலவில் கரைந்துவிடும். போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜய புரம்) கட்ட வேண்டிய வட்டிக்கு இதில் இடமில்லை என்பதே எங்கள் கருத்து.

முன்பே சென்ற அண்ணன்மார் சொல்லும் ஆலோசனையிலும் ஓர் ஆபத்து உண்டு. 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை கனடா இந்த மணி நேர வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருந்தது. அக்காலத்தில் சென்றவர்கள் "எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று இன்றும் சொன்னால், அவர்கள் பொய் சொல்லவில்லை, விதிதான் மாறிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல், இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு புதிய இருவாரக் கணக்கு தொடங்குகிறது. முதல் வாரம் 18, அடுத்த வாரம் 30 என்றால் சரி, 48. மூன்றாம் வாரம் 20 மணி நேரம் பார்த்தால், இரண்டாம் வாரத்தின் 30-உடன் சேர்ந்து 50 ஆகிறது, அது விதிமீறல். படிப்பு தொடங்கும் முன் வேலையில் சேரவும் கூடாது.

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். ஒரு வாரம் குறைத்து மறு வாரம் கூட்டிக்கொள்ளச் சலுகை இல்லை. சுயதொழிலுக்கும் அனுமதி இல்லை. ஆகவே வேறொருவர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு விநியோகம் செய்வது இருமடங்கு தவறு. அமெரிக்காவில் வளாகத்துக்குள் 20 மணி நேரம். வெளியே வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். ஜெர்மனி 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று கணக்கிடுகிறது. (நம் நாட்டுக்கு மாணவர் விசாவில் வருவோருக்கும் இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை என்பதை நினைவிற்கொண்டால், பிற நாடுகளின் கண்டிப்பு வியப்பாகத் தோன்றாது.)

வரம்பை மீறினால் என்ன ஆகும்? 2017 டிசம்பரில் ஒன்டாரியோ நெடுஞ்சாலையில் சரக்கு வண்டி ஓட்டிச் சென்ற பஞ்சாப் மாணவர் ஒருவரைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். அனுமதித்த நேரத்துக்கு மேல் அவர் வேலை செய்தது அப்போது தெரியவந்தது. படிப்பு முடியச் சில நாள்களே இருந்தன. 2019-இல் அவர் நாடு திரும்ப நேர்ந்தது. படிப்புக் கட்டணத்தை ஈட்டத்தான் கூடுதலாக உழைத்ததாக அவர் கூறியிருந்தார்.

இதன் மறுபக்கமும் பெற்றோர் அறிய வேண்டியது. 2015-இல் ஆஸ்திரேலியாவில் செவன் இலெவன் கடைகளைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. மாணவர்களை வரம்புக்கு மேல் வேலை வாங்கி, பாதி நேரத்துக்கு மட்டும் கூலி கொடுத்து, "புகார் செய்தால் உன் விசா போய்விடும்" என்று மிரட்டிய கடைக்காரர்கள் அம்பலமானார்கள். பின்னர் தொழிலாளர்களுக்குத் திருப்பித் தரப்பட்ட தொகை 15 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. விசா நிபந்தனையைக் காட்டி இவ்வாறு நெருக்குவது 2024 ஜூலை முதல் அந்நாட்டில் குற்றம். குறைந்தபட்சக் கூலி மாணவருக்கும் உண்டு. கையில் ரொக்கமாகத் தருகிறேன், சம்பளச் சீட்டு வேண்டாம் என்று சொல்லும் முதலாளியிடமிருந்து பிள்ளை விலகி நிற்பதே நல்லது.

இனி வீட்டுப் பக்கம். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. எனினும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதைப் படிப்புக் காலத்திலேயே செலுத்த விரும்புவோர், தீவிலுள்ள தங்கள் வருமானத்திலிருந்து எவ்வளவு இயலும் என்று பார்த்துக் கடன் தொகையை முடிவு செய்யட்டும். பிள்ளையின் பகுதிநேரக் கூலியைப் பூச்சியம் என்றே வைத்துக் கணக்கிடுமாறு நாங்கள் சொல்கிறோம். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கு, செலுத்திய வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக்கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் டிசிஎஸ் வரி பிடிக்கப்படுவதில்லை.

கடன் பேச வரும்போது, சேர்க்கைக் கடிதத்துடன், அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மாணவர் வேலை நிபந்தனைப் பக்கத்தை அன்றைய தேதியோடு அச்செடுத்து வாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தை அவரே ஒருமுறை வாசிக்கட்டும்.