அடிக்கல் நாட்டிய சிறுவர்: ஜாமிஆ மில்லியா கட்டடம் கண்ட வரலாறு

கல்விக்கூடம் ஒன்றிற்குப் புதிய கட்டடம் எழுப்ப முனையும்போது, அடிக்கல்லை யார் நாட்டுவது என்னும் கேள்வி எழுவது இயல்பு. பெரும்பொருள் ஈந்த செல்வரோ, ஆட்சியில் அமர்ந்திருப்பவரோ, சமுதாயத்தில் முதன்மை பெற்ற பெரியவரோ அழைக்கப்படுவதை நாம் கண்டு வருகிறோம். 1935ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், தில்லியின் தென்புறத்தில் அன்று சிற்றூராக இருந்த ஓக்லாவில் நடந்த விழா இவ்வழக்கத்திற்கு மாறானது. ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் பள்ளிக் கட்டடத்திற்கு அங்கே அடிக்கல் நாட்டியவர், அந்நிறுவனத்தில் பயின்ற மாணவர்களுள் வயதில் மிக இளையவர்.

இச்செயலின் பொருளை உணர வேண்டுமாயின், அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளை நாம் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1920 அக்டோபர் 29ஆம் நாள் அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ தொடங்கப்பெற்றது. கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் வீறுகொண்டெழுந்த காலம் அது. ஆங்கில அரசின் மானியத்தை ஏற்கும் கல்விக்கூடத்தில் பயிலமாட்டோம் என்று வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களுமே இதன் முதற் குடும்பத்தினர். தொடக்க விழாவிற்குத் தலைமை ஏற்றவர் மௌலானா மஹ்மூதுல் ஹஸன். 1866இல் தேவ்பந்தில் மாதுளை மரத்தடியில் தொடங்கிய மதரஸாவின் முதல் மாணவர் இவரே. மால்டாத் தீவில் சிறைவாசம் முடித்து, நோயுற்ற உடலுடன் வந்திருந்த அவருடைய உரையை மற்றொருவரே படிக்க வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே அவர் இறையடி சேர்ந்தார். தேவ்பந்தும் அலிகரும் இரு வேறு திசைகளில் செல்வனவாகக் கருதப்பட்ட அந்நாளில், தேவ்பந்தின் தலைமகன் அலிகர் இளைஞர்களின் அழைப்பை ஏற்று வந்ததை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம்.

மௌலானா முஹம்மது அலி ஜவ்ஹர் முதல் துணைவேந்தராகவும், ஹக்கீம் அஜ்மல் கான் முதல் வேந்தராகவும் பொறுப்பேற்றனர். கூடாரங்களிலும் வாடகை வீடுகளிலும் வகுப்புகள் நடந்தன. ஒத்துழையாமை இயக்கம் 1922இல் நிறுத்தப்பட்டது. 1924 மார்ச்சில் துருக்கியில் கிலாபத்தே ஒழிக்கப்பட்டது. எந்த வேகத்தில் ஜாமிஆ பிறந்ததோ அவ்வேகம் தணிந்தது. கிலாபத் குழுவிடமிருந்து வந்த பொருளுதவியும் நின்றது. மூடிவிடலாம் என்று கூறியோரும் உண்டு. ஆயினும் ஹக்கீம் அஜ்மல் கான் உடன்படவில்லை. காந்தியடிகளும், தாம் இரந்தேனும் பொருள் திரட்டித் தருவதாகக் கூறி ஊக்கமளித்தார். 1925இல் ஜாமிஆ தில்லியின் கரோல் பாக் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. மருத்துவத்தால் ஈட்டிய பொருளைக் கொண்டே ஹக்கீம் சாஹிப் பெருஞ்செலவைத் தாங்கி வந்தார். 1927 டிசம்பர் இறுதியில் அவரும் மறைந்தபோது, நிறுவனம் தாங்குவாரற்று நின்றது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய திருப்பம் நிகழ்கிறது. ஜெர்மனியில் கல்வி பயின்ற ஜாகிர் ஹுசைன், ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் ஆகிய மூவரும் 1926இல் ஜாமிஆவின் பணிக்குத் திரும்பியிருந்தனர். உயர்ந்த பதவிகளை அவர்கள் எளிதில் பெற்றிருக்கக்கூடும். ஆனால் 1928இல் ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி ஓர் உறுதிமொழி எடுத்தனர். இருபது ஆண்டுகள் ஜாமிஆவிலேயே பணியாற்றுவது, மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் கோராதிருப்பது என்பதே அவ்வுறுதிமொழி. அச்சிறு தொகையும் பல வேளைகளில் முழுமையாகக் கைக்கு வந்ததில்லை. பெருங்கொடையாளர் ஒருவரை நம்பியிருந்த நிறுவனம், தன் ஆசிரியர்களின் தியாகத்தை நம்பும் நிறுவனமாக மாறியது.

பொருள் திரட்டும் முறையும் மாறிற்று. ஜாமிஆவின் அனுதாபிகள் என்னும் பொருளில் 'ஹம்தர்தானே ஜாமிஆ' என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. ஷஃபீகுர் ரஹ்மான் கித்வாய் இதற்கெனக் கடுமையாக உழைத்தார். எளிய மக்கள் பலரின் சிறு நன்கொடைகள் ஒன்றுசேர்ந்தன. இதனிடையே கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்னும் ஜெர்மானிய யூத அம்மையார் வந்து சேர்ந்து, சிறார் கல்வியில் தம்மை முழுமையாக ஈடுபடுத்தினார். 1943இல் மறைந்த அவர் ஜாமிஆவின் அடக்கத்தலத்திலேயே உறங்குகிறார்.

இவ்வாறு ஆசிரியர், மாணவர், எளிய கொடையாளர் ஆகிய மூன்று தூண்களும் நிலைபெற்ற பின்னரே ஓக்லாவில் கல் நாட்டப்பட்டது. கட்டடங்களை வடிவமைத்தவர் கார்ல் மால்ட்டே ஃபொன் ஹைன்ஸ் என்னும் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர். 1936இல் அச்சகம், மக்தபா என்னும் நூல் வெளியீட்டகம், நூலகம் ஆகியவை நீங்கலாக ஏனைய பிரிவுகள் அனைத்தும் புதிய வளாகத்திற்குக் குடிபெயர்ந்தன. 1938இல் ஆசிரியர் பயிற்சிக் கூடமும் உருவாயிற்று.

கரோல் பாக்கில் தங்கிய மக்தபா 1947ஆம் ஆண்டுக் கலவரத்தில் தீக்கிரையானது. பல்லாண்டு உழைப்பில் உருவான நூல்கள் சாம்பலாயின. ஆயினும் கலவரம் ஓய்ந்தபின் அது மீண்டும் எழுந்தது. 1962இல் ஜாமிஆ பல்கலைக்கழகத் தகுதியையும், 1988இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே மத்தியப் பல்கலைக்கழகத் தகுதியையும் பெற்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் அதன் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஜாகிர் ஹுசைன் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தார். 1969இல் மறைந்தபின் அவ்வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அரசின் மானியத்தை மறுத்துப் பிறந்த நிறுவனம் பிற்காலத்தில் அரசின் பொருளால் நடப்பதை முரண் என்பாரும் உளர். அன்று மறுக்கப்பட்டது அயலார் ஆட்சியின் மானியம். பின்னர் ஏற்கப்பட்டது விடுதலை பெற்ற நாட்டின் பொதுப்பணம் என்பது நம் விடை. எனினும், பணம் எளிதில் வரும் காலத்தில் பழைய உறுதிமொழியின் உணர்வைக் காப்பது, வறுமையில் அதைக் காப்பதைவிடக் கடினமானது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

நம் ஊர்களில் கல்விக்கூடம் அமைக்க விழைவோர் பெரும்பாலும் முதலில் நிலத்தையும், அடுத்துக் கட்டடத்தையும், இறுதியாக ஆசிரியரையும் தேடுகின்றனர். ஜாமிஆவின் வரிசை நேர்மாறானது. அங்கே கட்டடம் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது, ஆசிரியர்கள் காத்திருக்கவில்லை. எவருக்காகக் கட்டடம் எழுகிறதோ அவரே அடிக்கல் நாட்டும் உரிமை உடையவர் என்பதை ஓக்லாவின் அச்சிறுவர் நமக்கு உணர்த்தியிருக்கிறார். இனி நாம் நாட்டும் கற்களிலும் அவ்வுணர்வு பொறிக்கப்படுமாக.