வண்டி மாறும் மரபணு
கடைசிக்கட்ட மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் என்.டி.எம்.-1 ஒரு கிருமி அல்ல. அதைப் பிடிக்க முடியாததற்குக் காரணமே அதுதான்.

2008 ஜனவரி. ஸ்வீடனில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அவர் புது தில்லியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்பியிருந்தார். சிறுநீரில் இருந்தது கிளெப்சியெல்லா. மருத்துவமனைகளில் சர்வசாதாரணமாகத் தென்படும் பாக்டீரியா. ஆனால் இது கார்பபெனம் மருந்துகளுக்கு மசியவில்லை. மற்ற ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் கைவிட்ட பிறகு டாக்டர்கள் நாடும் மருந்துகள் அவை.

ஆராய்ந்தபோது ஒரு புதிய மரபணு அகப்பட்டது. அது உண்டாக்கும் என்சைம் கார்பபெனத்தை வெட்டிச் சிதைத்துவிடுகிறது. 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்-1', சுருக்கமாக என்.டி.எம்.-1 என்று பெயரிட்டு 2009ல் அறிவித்தார்கள்.

அதைவிடக் கலக்கம் தரும் தகவல் அதே நோயாளியின் மலத்தில் கிடைத்தது. அங்கிருந்த ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவிலும் அதே மரபணு. கிளெப்சியெல்லாவில் அது இருந்தது சுமார் 1,80,000 எழுத்துகள் நீளமுள்ள வளையத்தில். ஈ.கோலையில் இருந்த வளையத்தின் நீளமோ சுமார் 1,40,000. மனிதரின் உடலுக்குள்ளேயே அது இனம் விட்டு இனம் தாவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அந்த வளையங்களுக்குப் பெயர் பிளாஸ்மிட். பாக்டீரியாவின் பிரதான குரோமசோமோடு சேராமல் தனியாக மிதக்கும் டி.என்.ஏ. இவற்றில் பலவற்றுக்கு ஊர் சுற்றும் வசதி உண்டு. ஒரு பாக்டீரியா மெல்லிய குழல் ஒன்றை நீட்டி இன்னொன்றைத் தன்னருகே இழுத்து, பிளாஸ்மிட்டின் நகலை அதற்குள் செலுத்திவிடும். கொடுத்தவருக்கும் நஷ்டமில்லை, மூலம் அவரிடமே இருக்கும். வாங்கியவர் தன் வாரிசுகளுக்கு அதைக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுப்பார். நம்மைப் போலப் பெற்றோர் வழியாக மட்டும் சொத்து வரவேண்டும் என்ற கட்டாயம் பாக்டீரியாக்களுக்கு இல்லை.

பிளாஸ்மிட் பஸ் என்றால், மரபணு அதில் பயணி. பயணி வண்டி மாறவும் தெரிந்தவர். டி.என்.ஏ.யில் சில துண்டுகள் தங்களைத் தாங்களே வெட்டிக்கொண்டோ நகலெடுத்தோ வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மக்காச்சோளத்தில் இத்தகைய தாவும் துண்டுகளைக் கண்டுபிடித்த பார்பரா மெக்ளின்டாக்குக்கு 1983ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே வகைத் துண்டுகள் இரண்டு ஒரு மரபணுவின் இருபுறமும் வந்து அமர்ந்துவிட்டால், நடுவில் சிக்கியதையும் தூக்கிக்கொண்டு தாவுகின்றன. இன்றைக்குக் குரோமசோம், நாளைக்குப் பிளாஸ்மிட், மறுநாள் இன்னொரு பிளாஸ்மிட்.

என்.டி.எம்.-1ன் ஜாதகத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் இருபுறமும் இருப்பவை ஐ.எஸ்.ஏ.பி.ஏ.-125 என்ற தாவும் துண்டுகள். இவை அசினெட்டோபேக்டர் என்ற பாக்டீரியாவுக்குச் சொந்தமானவை. மரபணுவே கூட ஓர் ஒட்டுவேலைதான். அதன் முகப்பில் உள்ள ஆறு அமினோ அமிலங்களுக்கான பகுதி, அமிகாசின் மருந்தை முறியடிக்கும் வேறொரு மரபணுவிலிருந்து வந்தது. எங்கோ ஓர் அசினெட்டோபேக்டருக்குள் இரண்டு மரபணுக்கள் தற்செயலாக ஒட்டிக்கொண்டு, புதிய மரபணு பிறந்திருக்க வேண்டும் என்று 2012ல் வெளியான ஆய்வு சொன்னது. கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்றவற்றில் பெரும்பாலும் அந்தத் தாவும் துண்டின் உடைந்த மிச்சம் மட்டுமே இருக்கிறது. திருடன் விட்டுப்போன செருப்பு மாதிரி.

2010ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமத்தி வால்ஷும் அவர்களது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் புயலைக் கிளப்பியது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 பாக்டீரியா மாதிரிகளில் என்.டி.எம்.-1. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற பேச்சு நாடாளுமன்றம் வரை போனது. பெயரில் தலைநகரம் இருந்ததுதான் பெரிய குற்றம். (வெரோனா, சாவோ பாலோ, சியோல் நகரங்களின் பெயரிலும் இத்தகைய என்சைம்கள் உண்டு. அங்கெல்லாம் இவ்வளவு சத்தம் கேட்கவில்லை.)

பெயர்ச் சண்டையில் ஆய்வின் முக்கியமான வரி காணாமல் போயிற்று. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம். சென்னையில் கிடைத்தவையோ பலதரப்பட்டவை. அதாவது அங்கே பரவியது ஒரு கிருமி அல்ல, மரபணு. ஒரு குடும்பத்தை வார்டை மூடி, படுக்கையைக் கழுவி ஒழிக்கலாம். குடும்பம் குடும்பமாகத் தாவும் மரபணுவுக்கு எந்த வார்டை மூடுவது?

வார்டுக்கு வெளியிலும் அது இருந்தது. 2011ல் வால்ஷ் குழுவினர் புது தில்லி வீதிகளில் தேங்கிய, கசிந்த நீர் மாதிரிகள் 171ஐச் சோதித்ததில் 51ல் என்.டி.எம்.-1 மரபணு தென்பட்டது. குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50ல் இரண்டில். காலரா பாக்டீரியாவும் அதைச் சுமந்துகொண்டிருந்தது. பிளாஸ்மிட் கைமாற மனித உடலின் 37 டிகிரியைவிட 30 டிகிரி வெப்பம் உகந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். தில்லியில் வருடத்தின் பல மாதங்களில் சாக்கடைக்கு அந்தச் சூடு இலவசமாகவே கிடைக்கிறது.

இதெல்லாம் புதுசும் அல்ல. 1955ல் ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் திரும்பிய ஒருவரின் சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளை எதிர்த்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய விஞ்ஞானிகள், இந்த எதிர்ப்பு ஈ.கோலையிலிருந்து மொத்தமாகக் கைமாறக்கூடியது என்று காட்டினார்கள். 1972ல் கோழிக்கோட்டில் டைபாய்டு கிருமி குளோராம்பெனிகாலை எதிர்த்தபோதும் எதிர்ப்பு கைமாறும் வகையில்தான் இருந்தது. ஒரே பஸ்ஸில் நாலைந்து மரபணுக்கள் பயணம் செய்வதால், ஒரு மருந்தை அள்ளி இறைத்தால் மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே வளர்கிறது.

விலை கொடுப்பவர்கள் யார்? தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளைக் கவனித்து 2016ல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. குழந்தைகளின் ரத்தத்தில் பரவிய அசினெட்டோபேக்டர்களில் 82 சதவீதம் பல மருந்துகளை எதிர்த்தன. கிளெப்சியெல்லாவில் 54 சதவீதம்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2014 மார்ச் முதல் கார்பபெனம் உள்ளிட்ட 46 மருந்துகள் 'ஹெச்-1' பட்டியலில். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் மருந்துக்கடைக்காரரிடம் பதிவேடு இருக்கலாம், சாக்கடையிடம் இல்லை.

கார்பபெனமும் தோற்றால் டாக்டர்கள் கொலிஸ்டின் என்ற பழைய மருந்தைத் தூசு தட்டி எடுக்கிறார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, ஆனாலும் வேறு வழியில்லை. அதற்கு எதிர்ப்பு குரோமசோமில்தான் வரும், கைமாறாது என்ற ஆறுதல் 2015 நவம்பரில் போயிற்று. பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கைமாறும் எம்.சி.ஆர்.-1 மரபணு கிடைத்ததாகச் சீனாவிலிருந்து அறிக்கை வந்தது. இருந்த இடம் பிளாஸ்மிட். அதைத் தூக்கிவந்தவையும் தாவும் துண்டுகளே. கோழிப் பண்ணை போன்றவற்றில் கொலிஸ்டினுக்கு இந்தியா 2019 ஜூலையில் தடை விதித்தது. என்.டி.எம்., எம்.சி.ஆர். இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் ஈ.கோலை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சீனாவில் பிடிபட்டிருந்தது.